தோட்டமும் கிணறும் சாப்பாடும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவசாயம் படிப்பிக்கிற ஆள் என்று ஊரில் தெரிந்துவிட்டால் போதும், கலியாண வீட்டிலும் இதே சந்தேகங்கள்தான், செத்த வீட்டிலும் இதே சந்தேகங்கள்தான். கமக்காரர் கூட்டத்தில் கேட்டவை, உயர்தரப் பிள்ளைகள் கேட்டவை, கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் கேட்டவை எல்லாவற்றையும் அவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் வலிகாமத்துச் செம்மண்ணை மனதில் வைத்து எழுதியவை. தீவகத்துக்கும் வடமராட்சி மணலுக்கும் சில இடங்களில் கணக்கு மாறும்.

தோட்டம் எண்டால் பச்சைப் பசேலெண்டு இருக்கிற இடம். அது எப்பிடிச் சுற்றாடலைக் கெடுக்கும்?

பச்சையாக இருப்பதெல்லாம் காடு இல்லை. மனிதர் உலகெங்கும் ஆற்றிலும் குளத்திலும் நிலத்தடியிலும் இருந்து எடுக்கும் நன்னீரில் ஏறத்தாழ 70 வீதம் விவசாயத்துக்கே போகிறது. பனியும் பாலைவனமும் போக மிஞ்சும், வாழத்தக்க நிலத்தில் அரைவாசியளவு பயிருக்கும் மேய்ச்சலுக்கும் போய்விட்டது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவு, காடு வெட்டுவதில் தொடங்கிச் சாப்பாட்டை ஏற்றி வரும் லொறி வரை, உணவோடு சம்பந்தப்பட்டது.

இது உலகக் கணக்கு. யாழ்ப்பாணத்துக்கு இதைவிடக் கிட்டிய விடை ஒன்று இருக்கிறது. இங்கே வெங்காயத்துக்கு இறைக்கிற தண்ணீரும் குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீரும் நிலத்தடியில் ஒரே சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்துதான் வருகின்றன. தோட்டத்தில் போட்டது குசினிக்கு வந்து சேர அதிக தூரம் இல்லை.

உலகத்தில சனம் கூடுதாம். எங்கட ஊரில வீடுகள் பூட்டிக் கிடக்குது. பிறகு நாங்கள் ஏன் கூட விளைவிக்க வேணும்?

நியாயமான கேள்வி. 1981 கணக்கெடுப்பில் இன்றைய யாழ் மாவட்ட எல்லைக்குள் 7 இலட்சத்துக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள். 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரத்துச் சொச்சம். போரும் இடப்பெயர்வும் வெளிநாடும் செய்த வேலை அது. உலகமோ 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டது. 2080களில் ஏறத்தாழ 1,030 கோடியில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு மெல்ல இறங்கும் என்பது ஐ.நா.வின் கணிப்பு.

ஆனால் யாழ்ப்பாணம் ஒருநாளும் தன் வயிற்றுக்கு மட்டும் விளைவித்த ஊர் இல்லை. ஒல்லாந்தர் காலத்திலேயே இங்கத்தைப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது வெங்காயமும் மிளகாயும் தெற்குக்குப் போய் இங்கே கல்வீடுகள் எழும்பின. 1977க்குப் பிறகு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் அந்த விலை விழுந்தது. நாங்கள் மரக்கறியையும் வெங்காயத்தையும் அனுப்பி, அரிசியையும் மாவையும் பருப்பையும் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள். ஆகவே உலகத்தின் பசி எங்கள் சந்தை விலையாகத் திரும்பி வந்தே தீரும்.

கூட விளைவிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செம்மண் காணி வீட்டுக் காணியாக மாறிக்கொண்டிருக்கிறது, கிணறு பெருகப் போவதில்லை. இப்போது எடுக்கிற விளைச்சலைக் குறைந்த தண்ணீரிலும் குறைந்த பசளையிலும் எடுக்க முடியுமா என்பதுதான் எங்கள் பங்குக் கேள்வி.

எங்களிட்ட ஆறும் இல்லை. பிறகு கிணத்துக்குத் தண்ணி எங்கயிருந்துதான் வருது?

வானத்திலிருந்து. வேறு வழியே இல்லை. வன்னியிலிருந்து நிலத்துக்குக் கீழால் ஆறு ஓடி வருகிறது என்று இன்னும் சிலர் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் விழுகிறது. வருடத்துக்கு 1,200 மில்லிமீற்றரை ஒட்டிப் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். குளம், கேணி, வயல், வளவு எங்கும் விழுந்த தண்ணீர் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்குகிறது. மிச்ச ஒன்பது மாதமும் நாங்கள் இறைப்பது அதைத்தான்.

கல்லுக்குள் இறங்கிய நன்னீர், கீழே கிடக்கும் கடல்நீரின் மேல் தண்ணீரில் எண்ணெய் மிதப்பது போல மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் இதைக் காணலாம்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. கீரிமலையில் கடலை ஒட்டிய கேணிக்குள் நன்னீர் ஊறுவதும் இதே நீர்தான், கடலைத் தேடிப் போகிற வழியில்.

அப்ப கிணறு வத்தினால் இன்னும் ஆழமாத் தோண்டினால் சரிதானே?

இல்லை, அதுதான் செய்யவே கூடாதது. இப்படி மிதக்கும் நன்னீருக்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும். மறுபக்கமாகப் பாருங்கள்: இறைத்து மேல்மட்டத்தை ஒரு அடி இறக்கினால், கீழேயிருந்து உப்பு மெல்ல மெல்ல 40 அடி மேலே வரப் பார்க்கும். ஆழமாகத் தோண்டுகிறவர் உப்பை நோக்கித்தான் தோண்டுகிறார்.

ஏற்றத்தால் இறைத்த துலாக் காலத்தில் ஒருவர் மேலே மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, மனிதன் களைத்தால் கிணறும் ஓய்ந்தது. வோட்டர் பம்ப் களைப்பதில்லை. அதற்காகத் துலாவுக்குத் திரும்பச் சொல்லவில்லை, எந்தப் பிள்ளை இனி மிதிக்கப் போகிறது? ஆனால் அந்த ஓய்வைக் கிணற்றுக்கு இப்போது நாங்கள்தான் கொடுக்க வேண்டும். ஒரேயடியாக மணிக்கணக்கில் இறைக்காமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்து இறைத்தால் உப்பு எழும்புவது குறையும். கரையோரக் கிணறுகளுக்கு இது உயிர் விஷயம்.

யூரியா பயிருக்குத்தானே போடுறம், கிணத்துக்கு இல்லையே?

பாத்திக்குள் யூரியாவைத் தூவிவிட்டு, பம்பைப் போட்டு, வாய்க்காலை வெட்டி விடுகிறோம். தண்ணீர் பாத்தியில் கணுக்கால் நனைய நின்று, நாங்கள் அடுத்த பாத்திக்குப் போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள் உள்ளே போய்விடுகிறது. செம்மண்ணின் குணம் அது. வெங்காயத்தின் வேர் ஒரு சாண் கூட இல்லை. அந்தச் சாணைத் தாண்டி இறங்கியது இனி வெங்காயத்துக்கு இல்லை. யூரியாவில் இருக்கிற நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறும். நைத்திரேற்றை மண் பிடித்து வைக்காது, தண்ணீர் போகிற இடத்துக்கெல்லாம் அதுவும் போகும்.

ஒரு கணக்குப் போடுவோம். 50 கிலோ யூரியா மூட்டையில் 46 வீதம், அதாவது 23 கிலோ நைதரசன். அதில் கால்வாசி மட்டும் கீழே இறங்கியது என்று வைத்துக்கொண்டால் ஆறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அது நைத்திரேற்றாக மாறும்போது எடை ஏறி ஏறத்தாழ 25 கிலோ. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அந்த 25 கிலோ, ஏறத்தாழ 5 இலட்சம் லீற்றர் சுத்தமான தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுபோய் நிறுத்தும். வீட்டுக் கூரையில் வைக்கும் 1,000 லீற்றர் கறுப்புத் தாங்கியில் 500 தாங்கி. ஒரு மூட்டைக்கு!

இது புதுக் கதையும் இல்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் அளந்து எழுதிவிட்டார்கள். போர் வந்தது, பேச்சு நின்றது.

எல்லாப் பழியையும் தோட்டக்காரன்ர தலையில போடுறியள். கக்கூசுக் குழி?

அதுவும் சேர்த்திதான், மறைக்கவில்லை. கல்லுக்கு நேரே மேலே அடி கட்டாத மலசலகூடக் குழி, பக்கத்தில் கிணறு. நெருக்கமாக வீடுகள் உள்ள இடங்களில் நைத்திரேற்றோடு கிருமியும் சேர்ந்து வருகிறது. ரவுணுக்குள் குழி பெரிய காரணம், செம்மண் தோட்டங்களில் பசளை பெரிய காரணம். இரண்டும் உள்ள வளவுகள் எத்தனையோ.

அப்ப யூரியாவை ஒரேயடியா நிப்பாட்டினால் என்ன?

நாடே அதைச் செய்து பார்த்தது. 2021 மே மாதம் அசேதனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது, நவம்பரில் அதே அரசு தடையை எடுத்தது. இடையில் வந்த காலபோகத்தில் (மாரி நெற்செய்கையில்) நாட்டின் நெல் விளைச்சல் 40 வீதம் அளவில் விழுந்தது. அந்த நாட்களில் ஒரு மூட்டை யூரியாவுக்காக ஆட்கள் எங்கெங்கே அலைந்தார்கள் என்பது படிக்கிறவர்களுக்கே தெரியும்.

ஏன் விழுந்தது என்பதும் கணக்குத்தான். மேலே சொன்ன 23 கிலோ நைதரசனைக் கூட்டெருவாகக் கொடுக்க வேண்டுமென்றால், நைதரசன் நூற்றுக்கு ஒன்று என்று வைத்தாலும் இரண்டு தொன்னுக்கு மேல் வேண்டும். ஒரு மூட்டைக்குப் பதில் ஒரு லொறி. அத்தனை எருவுக்கு மாடு எங்கே, குழை எங்கே? காற்றிலிருக்கிற நைதரசனைப் பிடித்துப் பசளையாக்கும் வழியை ஜேர்மனியில் ஹேபரும் பொஷ்ஷும் கண்டுபிடித்து, 1913இல் தொழிற்சாலை அளவில் தொடங்கினார்கள். இன்று உலகில் ஏறத்தாழ அரைவாசிப் பேரின் சாப்பாடு அந்த வழியில் வந்த நைதரசனில் நிற்கிறது. அதை ஒரு வர்த்தமானி அறிவித்தலால் தூக்கிவிட முடியாது.

நிறுத்துவது வேறு, குறைப்பது வேறு. விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்த அளவைவிடக் கூடுதலாகத்தான் இங்கே பலர் போடுகிறோம். பக்கத்துத் தோட்டம் கரும்பச்சையாக நின்றால் எங்களுக்கு நித்திரை வராது. அந்த மிச்சத்தைக் குறைப்பதால் விளைச்சல் குறையாது. ஒரே தடவையில் போடுவதை இரண்டு மூன்றாகப் பிரிப்பதும், மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது தூவாமல் விடுவதும் காசு செலவில்லாத வேலைகள்.

எங்கட அப்பு காலத்தில மூட்டைப் பசளை இல்லாமல் விளைஞ்சதுதானே?

விளைந்தது. எப்படி என்றும் பார்க்க வேண்டும். பூவரசங்குழை, கிளுவங்குழை, பனையோலை எல்லாம் வெட்டி வந்து தோட்டத்தில் தாட்டார்கள். ஆட்டுப்பட்டியும் மாட்டுப்பட்டியும் இரவில் அடைத்தார்கள். அந்த வேலிகள் இன்று மதிலாகிவிட்டன, குழைக்கு மரமே இல்லை. மதில் கட்டினால்தான் மரியாதை என்ற எண்ணம் தோட்டத்துக்கு எவ்வளவு நட்டம் என்று யாராவது கணக்குப் பார்க்க வேண்டும்.

ஆனால் அப்பு அந்தத் தோட்டத்தை மட்டும் நம்பிச் சாப்பிடவில்லை. பர்மா அரிசியும் இந்திய அரிசியும் கப்பலில் வந்தன. 1942இல் யப்பான் பர்மாவைப் பிடித்ததும் நாடு முழுக்கக் கூப்பனுக்கு, அதாவது பங்கீட்டுக்கு, வந்தது. பனங்களியைக் காயவைத்த பனாட்டும் பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியலும் மரவள்ளியும் அப்போது ருசிக்காகச் சாப்பிட்டவை இல்லை.

சேதனப் பசளையால நைத்திரேற்று வராதுதானே? நான் முழுக்க எருதான்.

வரும். மண்ணில் எரு உக்கும்போது அதிலுள்ள நைதரசனும் கடைசியில் நைத்திரேற்றாகத்தான் மாறும், மெதுவாக. கோழி எருவை லொறியால் இறக்கிப் பறித்துவிட்டு, மேல் மழை விழுந்தால் யூரியாவுக்கும் அதற்கும் கிணறு வித்தியாசம் பார்க்காது. எருவின் உண்மையான நன்மை வேறு: செம்மண் தண்ணீரைப் பிடித்து வைக்கும் தன்மை கூடுகிறது, அதனால் இறைப்பும் குறைகிறது, கழுவுப்படுவதும் குறைகிறது.

இன்னொரு நல்ல வழி சணல், பசளைக்கென்றே விதைக்கும் அவரையினப் பயிர். வெங்காயம் எடுத்த காணியைச் சும்மா விடாமல் சணல் விதைத்து, மஞ்சள் பூ வரும் நேரத்தில் உழுது தாட்டால், காற்று நைதரசனையும் கொண்டு வரும், முன்பயிர் விட்டுப்போனதையும் பிடித்துத் தரும். பூ வடிவாக இருக்கிறது என்று விதை முற்றும் வரை விட்டால் தண்டு நாராகிவிடும், பிறகு உக்க நாளெடுக்கும்.

மருந்து அடிக்காமல் வெங்காயம் செய்யேலுமோ?

முழுக்க இல்லாமல் என்றால் கஷ்டம். குறைவாக என்றால் முடியும். 2008 முதல் 2011 வரை இலங்கையில் பரகுவாற்று, டைமெதோயேற்று, பென்தயோன் என்ற களை, பூச்சி மருந்துகள் மூன்றும் படிப்படியாக விலக்கப்பட்டன. விளைச்சல் விழும் என்று அப்போதும் சொன்னார்கள். விழவில்லை. நஞ்சு குடித்துச் சாகிறவர்களின் தொகைதான் குறைந்தது. போத்தலில் எழுதியிருக்கும் கடைசி அடிப்புக்கும் அறுவடைக்கும் இடையிலான நாட்களைக் காப்பது வாங்கித் தின்கிறவருக்குச் செய்யும் மரியாதை. வீட்டுக்கென்று ஒரு மருந்தடிக்காத பாத்தி தனியாக வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். அவர்களே விடை சொல்லிவிட்டார்கள்.

மாடும் நெல் வயலும் பூமியைச் சூடாக்குதாம், உண்மையே?

உண்மை. மாட்டின் இரைப்பையிலும், தண்ணீர் கட்டி நிற்கும் வயலின் காற்றில்லாச் சேற்றிலும் மெதேன் உண்டாகிறது. ஆனால் எங்கள் குடாநாட்டு வயல் பெரும்பாலும் மானாவாரி. மழை விட்டால் தானாகக் காயும். வயலை இடையிடையே காயவிடுவதுதான் மெதேனைக் குறைக்க உலகம் சொல்லும் வழி. இங்கே எங்களுக்குப் பெரிய விஷயம் யூரியாதான். அதில் ஒரு சிறு பங்கு நைதரசொட்சைட்டாகக் காற்றில் போகிறது, அது காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு சூடாக்கும். யூரியா பற்றிய பதில் இதற்கும் பொருந்தும்.

தூவல் குழாய் போட்டனான் அண்ணை. தண்ணி மிச்சம், அதால இன்னும் நாலு பரப்புக் கூடச் செய்யிறன். நல்லதுதானே?

உங்கள் சட்டைப்பைக்கு நல்லது. கிணற்றுக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பரப்புக்கு (ஏறத்தாழ 250 சதுர மீற்றர்) ஒரு அங்குல உயரம் தண்ணீர் விட்டால் ஏறத்தாழ 6,400 லீற்றர். வாய்க்காலால் விடும்போது அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு போகிறது, சரி. ஆனால் அந்த மிகுதியில் ஒரு பகுதி திரும்பக் கல்லுக்குள்தான் இறங்கியது. இப்போது நாலு பரப்புக் கூடச் செய்யும்போது பயிர் குடித்து ஆவியாக்கும் தண்ணீர் கூடுகிறது, அது திரும்பி வராது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. தூவலும் சொட்டு நீரும் தண்ணீரை வேர்ச் சாணுக்குள் வைத்திருப்பதால் நைத்திரேற்றும் அங்கேயே நிற்கும். என்னைக் கேட்டால் தண்ணீர் மிச்சத்தைவிட அதுதான் பெரிய இலாபம். ஆகவே குழாயைக் கழற்ற வேண்டாம். பரப்பைக் கூட்டாமல் பசளையைக் குறையுங்கள்.

இரணைமடுத் தண்ணி, கடல்தண்ணி, ஆறுமுகத்தின்ர ஆத்துத் திட்டம், இதில ஏதாவது சரிவருமே?

இரணைமடுக் குளத்து நீர் கிளிநொச்சி வயல்களுக்குரியது. அதைக் குழாயில் இங்கே கொண்டுவரும் யோசனையை அந்தக் கமக்காரர் எதிர்த்ததில் நியாயம் இருந்தது, அங்கேதான் எங்கள் அரிசியில் ஒரு பங்கு விளைகிறது. பிறகு தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. அது குடிக்க. அந்த விலைத் தண்ணீரில் வெங்காயம் செய்ய முடியாது.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த திட்டம், ஆனையிறவுக் கடலேரியில் வன்னியிலிருந்து வரும் கனகராயன் ஆற்று நீரைத் தேக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக் கடலேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கடலை அணையால் மறிப்பது. அணைகள் வந்தன, திட்டம் முழுமையாகவில்லை. கடலேரியில் மீன், இறால் பிடிக்கிறவர்களின் வாழ்வையும் இதில் எண்ண வேண்டும். பிறகு, கடலுக்குப் போகும் நன்னீரெல்லாம் வீண் என்ற பேச்சையும் கொஞ்சம் அடக்கிப் பேச வேண்டும். கீரிமலையில் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போகும் அந்த நீர்தான் உப்பை உள்ளே வரவிடாமல் வைத்திருக்கிறது. இதற்குள் மலிவான வேலை, குடாநாட்டில் ஆயிரத்துக்கு மேல் இருக்கிற குளங்களையும் கேணிகளையும் தூர்த்துக் காணியாக்காமல் விடுவது.

விளையிறதில அரைவாசி சந்தையில அழுகுது. பிறகு என்ன உணவுப் பற்றாக்குறை?

அரைவாசி இல்லை, ஆனால் நிறையத்தான். உலகில் கடை, உணவகம், வீடு மூன்றிலும் 2022இல் வீணான சாப்பாடு 100 கோடி தொன்னுக்கு மேல் என்கிறது ஐ.நா. அறிக்கை. தோட்டத்துக்கும் கடைக்கும் இடையில் போவது வேறு. சந்தையில் நூற்றுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று வெட்டுகிற வழக்கம் இங்கே பலருக்கும் பழகிய வயிற்றெரிச்சல். அது அழுகியதற்கான கழிவு மட்டும் இல்லை, தோட்டக்காரனின் கூலியில் கழிவு. விலை இல்லாமல் கத்தரியை மாட்டுக்குக் கொட்டும்போது அதை விளைவித்த யூரியா மட்டும் கிணற்றில் தங்கிவிடுகிறது.

நான் ஒருத்தன் குறைச்சு என்ன? பக்கத்துக் காணிக்காரன் மூட்டை மூட்டையாப் போடுறானே.

கேள்விகளில் கடினமானது இதுதான். கல்லுக்குள் வேலி இல்லை. உங்கள் கிணற்றிலிருப்பது நாலு பேரின் பசளை, உங்களுடையது நாலு பேரின் கிணற்றில். ஒருவர் மட்டும் குறைத்தால் அவருக்குக் காசு மிச்சமாகும், தண்ணீர் உடனே மாறாது. ஆகவே இதைக் கமக்காரர் அமைப்பாக, ஒரு ஒழுங்கையை ஒட்டிய தோட்டங்கள் எல்லாம் சேர்ந்து செய்ய வேண்டும். மண் பரிசோதனை செய்து அளவை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் போடுங்கள். பக்கத்துக்காரருக்குப் புத்தி சொல்லிப் பிரயோசனமில்லை. உங்கள் விளைச்சல் குறையவில்லை என்று அவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தால் அடுத்த போகம் அவரும் குறைப்பார்.

கிணத்துத் தண்ணியைக் கொதிக்க வைச்சுக் குடிக்கிறம். அது போதும்தானே?

கிருமிக்குப் போதும். நைத்திரேற்றுக்குப் போதாது. கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று போகாது. பானையில் மிஞ்சும் தண்ணீரில் அதன் செறிவு கூடும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்மா கரைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்த வயதில் நைத்திரேற்று கூடினால் இரத்தம் ஒட்சிசனைக் காவுவது குறைந்து குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாயும். தாய்ப்பால் கொடுக்கிற வீட்டில் இந்தப் பயம் பெரும்பாலும் இல்லை.

தண்ணீரின் நிறத்திலோ ருசியிலோ இது தெரியாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம். மாரி மழைக்குப் பிறகு ஒரு தடவையும் கோடையில் ஒரு தடவையும் பாருங்கள், ஒரு முடிவை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியாகவோ பயந்தோ இருக்க வேண்டாம். விடைத்தாளில் நைத்திரேற்று என்று போட்டிருக்கிறதா, நைத்திரேற்று நைதரசன் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதலாவதுக்கு எல்லை 50, இரண்டாவதுக்கு 11. இரண்டாவது வகையில் 20 என்று வந்த தாளை வைத்துக்கொண்டு, 50க்குக் கீழேதானே என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.